முத்தோரையிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்? காணக்கூடிய பிரபஞ்சத்தின் கணக்கு

காணக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டம் சுமார் 9300 கோடி ஒளியாண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்களுக்கு உடனே எழும் கேள்வி: ஒளியை எதுவும் முந்த முடியாது என்றால், 1380 கோடி ஆண்டில் ஒளி 1380 கோடி ஒளியாண்டுதானே வந்திருக்கும்? ஆரம் எப்படி 4650 கோடி ஆனது? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் "விண்வெளி விரிகிறது" என்ற ஒரே வரி. வரி சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு எண்ணைக்கூடப் போட முடியாது. எண் போட்டுப் பார்க்காதவரை இந்த விஷயம் பிடிபடுவதும் இல்லை. அதனால் ஒரே ஒரு ஹைட்ரஜன் மேகத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போடலாம். அந்த மேகத்தைத் தேர்ந்தெடுத்துத் தர நீலகிரியிலேயே, முத்தோரையில், ஒரு கருவி இருக்கிறது.

முதலில் வரையறை. பெருவெடிப்பு முதல் இன்றுவரை கிடைத்த காலத்துக்குள், எந்தெந்த இடத்திலிருந்து ஒளிவேகத்தில் கிளம்பிய சமிக்ஞை நம்மை எட்டியிருக்க முடியுமோ, அந்த இடங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் காணக்கூடிய பிரபஞ்சம். இந்த வரையறையில் தொலைநோக்கிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாளைக்கே இதைவிடப் பத்து மடங்கு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் காணக்கூடிய பிரபஞ்சம் ஒரு அடிகூடப் பெரிதாகாது. ஏற்கெனவே உள்ளே இருந்தும் மங்கலாக இருந்தவை தெரியவரும், அவ்வளவுதான்.

தொட்டபெட்டா உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் 2637 மீட்டர். கடல்மட்டத்தை அடியாக வைத்துப் பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால், அங்கிருந்து தொடுவானம் சுமார் 183 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது வடிவக்கணிதம் போட்ட கோடு. அங்கே போய் நின்றால் கோடு எதுவும் இருக்காது. அங்கே இருப்பவருக்கு வேறொரு தொடுவானம். ஜூலையில் மேகம் இறங்கிவிட்டால் நூறடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அதற்காக 183 கிலோமீட்டர் குறைந்துவிடுவதில்லை. பிரபஞ்சத்துக்கும் இதேபோல் இரண்டு எல்லைகள் உண்டு. காலம் போட்ட கோடு ஒன்று. அதற்குச் சற்று முன்பாகவே பார்வையை மறைக்கும் மூட்டம் இன்னொன்று. பல கட்டுரைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 90 கோடி ஒளியாண்டு வித்தியாசம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஊட்டிக்குப் பக்கத்தில், முத்தோரையில், மலைச்சரிவில் நீளமாகக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குவியக்கோட்டில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததில்தான் சாமர்த்தியம். ஊட்டியின் அட்சரேகை 11 பாகையை ஒட்டியது; வடக்கு தெற்காக ஓடும் அந்தச் சரிவும் கிட்டத்தட்ட 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுற்றினால் போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பின்தொடரலாம். சமதளத்தில் இதைக் கட்டியிருந்தால் இரண்டு அச்சுகளில் திருப்ப வேண்டியிருக்கும். 530 மீட்டர் இரும்பை அப்படித் திருப்புவது நடக்கிற காரியமில்லை.

இந்தத் தொலைநோக்கி கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியது இந்த எண்தான்.

நடுநிலை ஹைட்ரஜன் அணு வெளியிடும் ரேடியோ கோட்டின் அலைவெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். ஆய்வகத்திலும் சரி, ஆண்ட்ரோமெடா நட்சத்திரக் கூட்டத்திலும் சரி, அணு வெளியிடும்போது அந்த எண்தான். விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சத்தைக் கடந்து வரும்போது அலை நீள்கிறது, அலைவெண் குறைகிறது. 1420.4-ல் கிளம்பிய அலை முத்தோரையில் 326.5-ஆக விழுந்தால், 1420.4-ஐ 326.5-ஆல் வகுங்கள்: 4.35. அலை 4.35 மடங்கு நீண்டிருக்கிறது. இதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது செம்பெயர்ச்சி: 3.35. முத்தோரைத் தொலைநோக்கியை மேம்படுத்தி, இந்த அலைவரிசையிலேயே அந்தப் பழைய ஹைட்ரஜனைத் தேடுவதற்குத் திட்டம் இருக்கிறது. வேலை லேசானதல்ல. நம் சொந்தப் பால்வெளி அதே அலைவரிசையில் எழுப்பும் இரைச்சல், தேடும் சமிக்ஞையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது. பிரித்தெடுக்க ஒரே வழி: பால்வெளியின் இரைச்சல் அலைவரிசையோடு வழுவழுவென்று மாறும், ஹைட்ரஜன் கோடு மேடுபள்ளமாக மாறும். கருவியே ஒரு மேடுபள்ளத்தைச் சேர்த்துவிட்டால் எல்லாம் பாழ்.

அந்த 4.35-க்கு நேரடியான பொருள் ஒன்று உண்டு. அலை கிளம்பியபோது பிரபஞ்சத்தின் தூரங்கள் எல்லாம் இன்றைய அளவில் 4.35-ல் ஒரு பங்காக இருந்தன. இதற்கு எந்தக் கோட்பாட்டு எண்ணும் தேவையில்லை. இரண்டு அலைவெண்களை வகுத்ததோடு முடிந்தது. செம்பெயர்ச்சி அளந்தது, தூரம் கணக்கிட்டது. செய்தித்தாள்கள் இரண்டாவதை மட்டும் போட்டு முதலாவதை விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே ஒன்று கேட்கலாம். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியக் கரும்புள்ளிகளில் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதைக் கண்டாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? இல்லை. எவர்ஷெட் பார்த்தது டாப்ளர் விளைவு, அதாவது ஒளியை வெளியிடும் பொருள் நகர்வதால் அலைநீளம் மாறுவது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதால் வந்தது. அண்டச் செம்பெயர்ச்சி வழியெல்லாம் சேர்ந்துகொண்டே வருவது. அலை கிளம்பிய கணத்தில் அந்த மேகம் என்ன வேகத்தில் இருந்தது என்பதை அது சொல்வதில்லை. கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்த கால்சியம் கே கோடு 3934 ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) இருக்கிறது. தொலைதூர நட்சத்திரக் கூட்டங்களின் செம்பெயர்ச்சியை அளக்கவும் அதே கோடுதான் பயன்படுகிறது. அது 4721-ல் தெரிந்தால் செம்பெயர்ச்சி 0.2. கோடு ஒன்று, அதை இடம்பெயர்க்கும் காரணங்கள் இரண்டு. அருகிலுள்ள கூட்டங்களில் இரண்டும் கலந்தே வரும். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவதால் அதன் கோடுகள் நீலப்பக்கம்கூட நகர்ந்திருக்கின்றன. செம்பெயர்ச்சியிலிருந்து தூரம் போடுவது அங்கெல்லாம் செல்லாது.

சரி, 3.35-க்குத் தூரம் போடுவோம். வீட்டுக் கணினியில் எக்செல் இருந்தால் போதும்.

மூன்று எண்கள் வேண்டும். இன்றைய விரிவு வீதமான ஹபிள் மாறிலி 67.7 (ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு இத்தனை கிலோமீட்டர்). பருப்பொருளின் பங்கு 0.31. விரிவை முடுக்கும் இருள் ஆற்றலின் பங்கு 0.69. ஒளிவேகத்தை ஹபிள் மாறிலியால் வகுத்து ஒளியாண்டாக மாற்றினால் 1444 கோடி ஒளியாண்டு; இதை ஹபிள் தூரம் என்பார்கள். நான்காவதாகக் கதிர்வீச்சின் பங்கு, 0.00009. இவ்வளவு சின்ன எண் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கடைசியில் கழுத்தைப் பிடிப்பது அதுதான்.

முதல் நெடுவரிசையில் 0.005, 0.015, 0.025 என்று 0.01 இடைவெளியில் 700 வரிகள் இறக்குங்கள். இது நீட்சியின் இயல் மடக்கை. இரண்டாவதில் அதன் அடுக்குக்குறிச் சார்பு (எக்செல்லில் EXP). கிடைப்பது நீட்சி, அதாவது செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டியது. மூன்றாவதில் அந்தக் காலத்து விரிவு வீதம், இன்றையதைப் போல எத்தனை மடங்கு என்று: நீட்சியின் மும்மடியை 0.31-ஆல் பெருக்குங்கள், நான்மடியை 0.00009-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 0.69-ஐயும் சேருங்கள், வர்க்கமூலம் எடுங்கள். நான்காவதில், இரண்டாவதை மூன்றாவதால் வகுத்து 0.01-ஆல் பெருக்குங்கள். ஐந்தாவதில் மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து 1444-ஆல் பெருக்கினால் இன்றைய தூரம், கோடி ஒளியாண்டில்.

செம்பெயர்ச்சியையே நேரடியாக 0.01 இடைவெளியில் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. சின்னச் செம்பெயர்ச்சிகளுக்கு அது சரியாக வரும். ஆனால் 1090 வரை போக ஒரு லட்சம் வரிகளுக்கு மேல் வேண்டும். இடைவெளியை அகலமாக்கினால் தொடக்கத்திலேயே பிழை ஏறிவிடும். மடக்கையில் போட்டால் 700 வரிகளில் முடிந்துவிடுகிறது. சரிபார்க்க ஒரு எண்: செம்பெயர்ச்சி 1-க்கு சுமார் 1110 கோடி வர வேண்டும். வராவிட்டால் மூன்றாவது நெடுவரிசையில் வர்க்கமூலம் விட்டுப்போயிருக்கும், பெரும்பாலும் அதுதான்.

147-ஆவது வரியைப் பாருங்கள். அதன் முடிவில் மடக்கை 1.47, நீட்சி 4.35. நம் மேகம். இன்றைய தூரம் 2230 கோடி ஒளியாண்டு. அதை 4.35-ஆல் வகுத்தால் ஒளி கிளம்பியபோது இருந்த தூரம்: 512 கோடி ஒளியாண்டு. பயணக் காலத்துக்கு இன்னொரு நெடுவரிசை வேண்டும்: 0.01-ஐ மூன்றாவது நெடுவரிசையால் மட்டும் வகுத்துக் கூட்டி, 1444-ஆல் பெருக்கினால் கோடி ஆண்டுகளில் வரும். நம் மேகத்துக்கு 1190 கோடி ஆண்டு. அப்போது பிரபஞ்சத்தின் வயது 190 கோடி.

ஆக ஒரே மேகத்துக்கு மூன்று எண்கள்: 512, 1190, 2230. மூன்றுமே சரி. "தூரம் எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்டால் மூன்றில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நடுவிலுள்ள 1190 உண்மையில் தூரமே இல்லை, காலம். அதை ஒளியாண்டில் எழுதித் தூரம்போல் காட்டுவது செய்திக்குறிப்புகளின் வழக்கம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்ட, செம்பெயர்ச்சி 14-ஐ ஒட்டிய நட்சத்திரக் கூட்டங்களை ஒரு செய்தி 1350 கோடி ஒளியாண்டு தொலைவில் வைக்கும், இன்னொரு செய்தி 3370 கோடியில் வைக்கும். இரண்டில் ஒன்று தவறு என்று சண்டை போடத் தேவையில்லை. அதே கூட்டம் ஒளியை அனுப்பியபோது இருந்த தூரம் வெறும் 225 கோடி.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. காணக்கூடிய பிரபஞ்சத்தின் ஆரம் என்று சொல்லும் எண், ஒளி நடந்த தூரம் அல்ல. ஒளியை அனுப்பிய பொருள் இன்று எங்கே இருக்கிறது என்பதற்கான எண். "இன்று" என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும்: விரிவோடு மட்டும் நகர்கிற, சொந்த ஓட்டமில்லாத கடிகாரங்கள் எங்கெங்கும் 1380 கோடி ஆண்டு காட்டும் கணம். நம் பூமி அப்படிப்பட்ட கடிகாரம் அல்ல. சூரியக் குடும்பம் அண்ட நுண்ணலைப் பின்னணியை (ஆதிப் பிரபஞ்சத்திலிருந்து எல்லாத் திசையிலும் வரும் ஒளி; பிறகு பார்ப்போம்) வைத்துப் பார்த்தால் நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இதனால் செம்பெயர்ச்சியில் வரும் திருத்தம் 0.001 சுற்றி. செம்பெயர்ச்சி 3.35-க்கு அது ஒன்றுமே இல்லை, செம்பெயர்ச்சி 0.01 மட்டும் உள்ள அருகிலுள்ள கூட்டத்துக்கோ அது பத்தில் ஒரு பங்கு.

வேகத்தையும் பார்த்துவிடலாம். இன்றைய தூரத்தை ஹபிள் தூரத்தால் வகுத்தால் விலகும் வேகம், ஒளிவேகத்தின் மடங்காக: 2230-ஐ 1444-ஆல் வகுக்க 1.54. அந்த மேகம் இன்று ஒளியைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. ஒளியை அனுப்பிய காலத்தில்? அப்போதைய விரிவு வீதம் இன்றையதைப் போல 5.12 மடங்கு. தூரம் 512 கோடி. பெருக்கி 1444-ஆல் வகுத்தால் 1.8. அன்றும் ஒளியைவிட வேகம்தான். அப்படியிருந்தும் அந்த ஒளி நம்மிடம் வந்து சேரும்.

இது எப்படி என்பதுதான் இந்த விஷயத்திலேயே சுவையான இடம். நம்மை நோக்கிக் கிளம்பிய அந்த ஒளி, தன்னைச் சுற்றியிருந்த இடத்தைப் பொறுத்தவரை ஒளிவேகத்தில்தான் வந்தது. ஆனால் அந்த இடமே ஒளியைப்போல 1.8 மடங்கு வேகத்தில் விலகியதால், மொத்தத்தில் அது நம்மிடமிருந்து தள்ளிப்போனது. 512 கோடியில் கிளம்பியது 585 கோடி ஒளியாண்டு வரை விலகிச் சென்றது. அதற்கு ஏறக்குறைய 210 கோடி ஆண்டு பிடித்தது. இதற்கிடையே விரிவு வீதம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ஒளி நின்றிருந்த இடம் சரியாக ஒளிவேகத்தில் விலகியது. அங்கே ஒரு கணம் இழுபறி. அதன் பிறகு ஒளி நெருங்கத் தொடங்கியது. திரும்பிய இடம் செம்பெயர்ச்சி 1.6-க்கு நேரானது. எக்செல்லில் இன்றைய தூரத்தை நீட்சியால் வகுத்து இன்னொரு நெடுவரிசை போட்டால், எண்கள் ஏறி, 1.6-க்குப் பக்கத்தில் 585-ஐத் தொட்டு, மறுபடி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எவ்வளவு பெரிய செம்பெயர்ச்சியிலிருந்து வந்த ஒளியானாலும் சரி, 585 கோடி ஒளியாண்டுக்கு மேல் நம்மிடமிருந்து தள்ளி எப்போதும் இருந்ததில்லை. "ஒளியைவிட வேகமாக விலகுவதைப் பார்க்கவே முடியாது" என்று பாடப்புத்தகங்களிலும்கூட எழுதுகிறார்கள். மேலே உள்ள கணக்கு அதைத் தவறாக்குகிறது.

இந்த ஏறி இறங்கும் எண்ணுக்கு இன்னொரு வேலை உண்டு. ஒரு பொருள் வானத்தில் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது இன்றைய தூரமல்ல, ஒளி கிளம்பியபோது இருந்த தூரம். ஆகவே ஒரே அளவுள்ள பொருட்கள் செம்பெயர்ச்சி 1.6 வரை சிறுத்துக்கொண்டே போய், அதற்கு அப்பால் மறுபடி பெருக்க ஆரம்பிக்கும். முத்தோரைத் தொலைநோக்கியின் முதல் பெரிய வேலையே கோண அகலத்தை அளப்பதுதான். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை எப்படி அணைகிறது என்று பதிவு செய்வார்கள். நிலாவின் விளிம்பு வானத்தில் நொடிக்கு சுமார் அரை ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகர்கிறது. மூலம் ஒரு புள்ளியானால் சமிக்ஞை, விளிம்பில் அலை வளைவதால் வரும் ஏற்ற இறக்கங்களோடு, சட்டென்று விழும். அகலமானால் மெதுவாகச் சரியும். இந்த முறையில் நூற்றுக்கணக்கான மூலங்களின் அகலம் ஆர்க்செகண்ட் அளவு நுட்பத்தில் கிடைத்தது. அந்த அலைவரிசையில் அப்போது வேறு வழியில் அது எளிதல்ல. 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு: மங்கலான மூலங்களின் கோண அகலங்களை விளக்க வேண்டுமானால், ரேடியோ மூலங்கள் பழைய காலத்தில் இன்றுபோல் இருந்திருக்கக் கூடாது. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருப்பது என்ற நிலைமாறாக் கொள்கைக்கு எதிரான சான்றுகளில் அதுவும் ஒன்று.

அதற்கும் நம் வரையறைக்கும் தொடர்பு உண்டு. 1956-ல் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ரிண்ட்லர் அண்டவியலில் இரண்டு தொடுவானங்களைப் பிரித்துக் காட்டினார். துகள் தொடுவானம்: இதுவரை எட்டியதற்கும் இன்னும் எட்டாததற்கும் இடையிலுள்ள கோடு. நிகழ்வுத் தொடுவானம்: என்றாவது எட்டப்போவதற்கும் என்றுமே எட்டாததற்கும் இடையிலுள்ள கோடு. நிலைமாறாக் கொள்கையில் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லாததால் துகள் தொடுவானமும் கிடையாது; நிகழ்வுத் தொடுவானம் மட்டும் இருக்கும். காணக்கூடிய பிரபஞ்சம் என்று நாம் சொல்வது துகள் தொடுவானத்துக்கு உட்பட்டது. தொடக்கம் என்று ஒன்று இருந்ததால் வந்த எல்லை அது.

எக்செல்லில் 699, 700-ஆவது வரிக்கு இறங்குங்கள். நீட்சி 1090-ஐ ஒட்டியது. பிரபஞ்சத்தின் வயது 3,80,000 ஆண்டு, வெப்பநிலை சுமார் 3000 கெல்வின். அதற்கு முன்பு எலெக்ட்ரான்கள் தனித்துத் திரிந்ததால் ஒளி நேராகப் போக முடியாமல் சிதறிக்கொண்டே இருந்தது; நான் முன்பு சொன்ன மூட்டம் இதுதான். எலெக்ட்ரான்கள் அணுக்களில் அடங்கியதும் வெளி தெளிந்தது. அப்போது விடுபட்ட ஒளிதான் இன்று 2.725 கெல்வினாக, நுண்ணலையாக, எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. கணக்குப்படி அந்தப் பொருள் இருக்கும் இன்றைய தூரம் 4530 கோடி ஒளியாண்டு. ஒளியை அனுப்பியபோது இருந்த தூரம் சுமார் 4.2 கோடி ஒளியாண்டு. நமக்கு அருகிலுள்ள நட்சத்திரக் கூட்டங்களின் திரளான கன்னிக் கொத்து இன்று இருக்கும் தூரத்தைவிட அது குறைவு.

மூட்டத்துக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேரம் பூஜ்யம் வரை கூட்டினால் மேலும் 90 கோடி சேர்ந்து, இந்த எண்களுக்கு ஆரம் 4620 கோடி ஆகும். புத்தகங்களில் 4650 என்று இருப்பது சற்று மாறுபட்ட உள்ளீடுகளால். சண்டைக்குரிய வித்தியாசம் இல்லை. இந்த இடத்தில்தான் அந்த 0.00009 வேலையைக் காட்டும். அதை விட்டுவிட்டால் முத்தோரை மேகத்தின் தூரம் கிட்டத்தட்ட மாறாது, ஆனால் மொத்த ஆரம் இரண்டு சதவீதம் ஊதிவிடும். ஆதியில் பருப்பொருளைவிடக் கதிர்வீச்சே ஆதிக்கம் செலுத்தியது. நான்மடி மும்மடியை முந்திவிடுகிறது.

ஆகவே "காணக்கூடிய" என்பதற்கு எந்தச் சமிக்ஞை என்று சொல்லிவிட வேண்டும். ஒளி, ரேடியோ என்றால் 4530. எந்தச் சமிக்ஞையானாலும் சரி என்றால் 4620. இரண்டாவதுதான் முறையான வரையறை. யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதும் அதில் அடக்கம். நம் மேகத்திலிருந்து ஒருவர் பார்த்தால் அவருக்கு அதே ஆரத்தில் வேறு கோளம். அதில் ஒரு பகுதி நம்முடையதோடு சேரும், மீதி நமக்குத் தெரியாதது. கறாராகச் சொன்னால் ஊட்டிக்கு ஒரு கோளம், கொடைக்கானலுக்கு இன்னொரு கோளம். முழுப் பிரபஞ்சத்தின் அளவைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. "பிரபஞ்சத்தின் விளிம்பு கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைக்கிறவர்கள் தொடுவானத்தைப் பூமியின் விளிம்பு என்று எழுதுகிறவர்கள்.

கோளம் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. இன்றைய அளவில் ஆண்டுக்கு ஒரு ஒளியாண்டு தடிமனில் புதிய பகுதி உள்ளே வருகிறது. வருவது புத்தம் புதிய நட்சத்திரக் கூட்டங்கள் என்று நினைக்க வேண்டாம். மூட்டத்தின் அடுத்த அடுக்குதான் வரும். அதிலிருந்து கூட்டங்கள் உருவாவதைக் காணப் பல நூறு கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். விரிவு முடுக்கம் பெற்றுவருவதால் இந்த வளர்ச்சிக்கும் உச்சவரம்பு உண்டு. அதே எக்செல்லில் மடக்கையை எதிர்ப்பக்கம், அதாவது எதிர்காலத்துக்கு, -0.005, -0.015 என்று இறக்கிக் கூட்டினால் 1660 கோடி ஒளியாண்டை நெருங்கி நின்றுவிடும். அதுதான் இன்றைய நிகழ்வுத் தொடுவானம். 4620-உடன் கூட்டினால் 6280 கோடி. இதற்கு அப்பால் இன்று இருக்கும் எதையும், எத்தனை காலம் ஆனாலும், இங்கிருந்து பார்க்க முடியாது.

முத்தோரை மேகம் இன்று 2230 கோடியில் இருக்கிறது, 1660-ஐத் தாண்டிவிட்டது. ஆகையால் இன்று அங்கே நடப்பது எதுவும் இங்கே வரப்போவதில்லை. கடைசியாக வரக்கூடிய சமிக்ஞை எப்போது கிளம்பியது? 2230-இலிருந்து 1660-ஐக் கழித்தால் 570. இன்றைய தூரம் 570 வரும் வரியைத் தேடினால் செம்பெயர்ச்சி சுமார் 0.44, காலம் சுமார் 475 கோடி ஆண்டுகளுக்கு முன். சூரியக் குடும்பம் உருவானது சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது சூரியன் தோன்றுவதற்குச் சற்று முன்பே அந்த மேகத்துக்கும் நமக்கும் இடையிலான வழி அடைபட்டுவிட்டது. அதற்கு முன் கிளம்பிய ஒளி மட்டும் தொடர்ந்து வரும், மேலும் மேலும் சிவந்து, மங்கி. காணக்கூடிய பிரபஞ்சத்துக்குள் இருப்பது வேறு, இனி எட்டக்கூடியது வேறு. செம்பெயர்ச்சி சுமார் 1.8-ஐத் தாண்டிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

இந்த எண்களை எங்காவது எடுத்தாளுவதானால் எந்த ஹபிள் மாறிலி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் 67-68, சூப்பர்நோவாக்களையும் (வெடிக்கும் விண்மீன்கள்) செஃபீட் விண்மீன்களையும் (ஒளி சீராகக் கூடிக் குறைபவை) வைத்து அளந்தால் 73-ஐ ஒட்டி வருகிறது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. எக்செல்லில் மற்றவற்றை அப்படியே விட்டு 67.7-க்குப் பதில் 73 போட்டால் ஹபிள் தூரம் 1444-இலிருந்து சுமார் 1340-ஆகக் குறையும், நம் மேகம் 2070 கோடிக்கு வந்துவிடும், பிரபஞ்சத்தின் வயது 1280 கோடி ஆண்டாகிவிடும். செம்பெயர்ச்சி மட்டும் 3.35-லேயே நிற்கும்.